பெட்டிக்கென்றே எழுதிய நாடகங்கள்

பன்னிரண்டு பேர் ஒரே அறைக்குள் அடைபட்டு வாக்குவாதம் செய்யும் அந்த அமெரிக்க நாடகத்தைத் தமிழில் போட்டே தீருவது என்று எங்கள் குழுவில் நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை யாராவது கிளம்புவார்கள். 'டுவெல்வ் ஆங்ரி மென்'. அப்பாவைக் கத்தியால் குத்திக் கொன்றதாக ஒரு பையன் மேல் வழக்கு. ஜூரிகள் பன்னிரண்டு பேரும் ஒருமனதாகக் குற்றவாளி என்றால் அவனுக்கு மரண தண்டனை. பதினொரு பேர் சொல்லிவிட்டார்கள். ஒருவர் மட்டும் கொஞ்சம் பேசிப் பார்க்கலாமே என்கிறார். கதவை வெளியே பூட்டியாயிற்று. புழுக்கமோ தாங்க முடியவில்லை. அவ்வளவுதான் நாடகம். ஒரே செட், உடை மாற்றம் கிடையாது, பாட்டு கிடையாது, கதாநாயகி தேட வேண்டியதில்லை. கையில் காசில்லாத அமெச்சூர் குழுவுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் அது ஒவ்வொரு தடவையும் முதல் ஒத்திகையோடு நின்றுவிடும். எங்கள் டைரக்டர் சார் தலையில் கை வைத்துக்கொள்வார். "மேஜையைச் சுத்திப் பன்னெண்டு பேர உக்கார வெச்சா அஞ்சு பேரோட முதுகைத்தான் ஜனங்க பாக்கணும். முதுகுக்கா டிக்கெட் வாங்கிட்டு வராங்க?" சபா மேடையில் மைக் மேலிருந்து தொங்கும். அதன் கீழே வந்து நின்று, முகத்தைச் சபைக்குக் காட்டி வசனம் பேசிப் பழகியவர்கள் நாங்கள். முதுகைக் காட்டி உட்கார்ந்தவர் பேசினால் குரல் பின்படுதாவுக்குத்தான் போகும்.

நான் அந்தக் குழுவில் பிராம்ட்டர். விங்குக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு, ஸ்கிரிப்டை மடியில் வைத்துக்கொண்டு, நடிகர் தடுமாறும் இடத்தில் அடுத்த வரியின் முதல் இரண்டு சொல்லை எடுத்துக் கொடுப்பது என் வேலை. நடிப்பவர்களுக்கு வசனம் மனப்பாடம். எனக்கு அவர்கள் எங்கே மறப்பார்கள் என்பது மனப்பாடம். அதனால் எந்த நாடகத்தைப் பற்றிப் படித்தாலும் இதில் யார் எங்கே தடுமாறியிருப்பார்கள், யார் எடுத்துக் கொடுத்திருப்பார்கள் என்றுதான் என் புத்தி ஓடும். அந்தப் புத்தியோடு தேடிப் போனபோதுதான் சாரின் தலைவலிக்கும் காரணம் கிடைத்தது. அந்த நாடகம் மேடைக்காக எழுதப்பட்டதே இல்லை. டி.வி.க்காக எழுதப்பட்டது.

எழுதியவர் ரெஜினால்ட் ரோஸ். நியூயார்க்கில் ஒரு கொலை வழக்கில் ஜூரியாக உட்காரும் முறை அவருக்கு வந்தது. அந்த அறைக்குள் நடந்த சண்டையைப் பார்த்துவிட்டு வந்து எழுதினார். 1954 செப்டம்பர் 20 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியின் 'ஸ்டூடியோ ஒன்' வரிசையில் அது நேரலையாகப் போனது. நேரலை என்றால் இன்றைய கிரிக்கெட் மாதிரி நேரலை. ஸ்டூடியோவில் நடிகர்கள் நடித்துக்கொண்டிருக்கும்போதே வீடுகளில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டைரக்டர் ஃபிராங்க்ளின் ஷாஃப்னர். தனியாக நின்று வாதாடும் எட்டாவது ஜூரியாக ராபர்ட் கம்மிங்ஸ். ஒரு மணி நேர நிகழ்ச்சி. விளம்பரங்களைக் கழித்தால் நாடகத்துக்கு ஐம்பது நிமிஷம்தான் தேறும். விளம்பரதாரர் வெஸ்டிங்ஹவுஸ். ஒரு பையனுக்கு மரண தண்டனை கொடுப்பதா வேண்டாமா என்று பன்னிரண்டு பேர் வியர்த்துக்கொண்டிருக்கும் நடுவில், பெட்டி ஃபர்னஸ் என்ற அம்மையார் வந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து காட்டிவிட்டுப் போவார்.

மேஜை விஷயம் இப்போது புரிகிறதல்லவா? மேடைக்கு ஒரு பக்கம்தான் கண். கேமராவுக்கு எல்லாப் பக்கமும் கண். மேஜையைச் சுற்றி வந்து யாருடைய முகத்தை வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். முதுகு காட்டி உட்கார்ந்தவன் அடுத்த நொடியில் முகம் காட்டுவான். மேடையில் இதைப் போடுகிறவர்கள் நாற்காலிகளை மூன்று பக்கமாக ஒதுக்குவார்கள். யாராவது அடிக்கடி எழுந்து ஜன்னல் பக்கம் போவார்கள், தண்ணீர் குடிக்கப் போவார்கள். பாதி எழுந்திருப்பதும் முதுகுப் பிரச்சினைக்காகத்தான்.

கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். கொலை செய்த கத்தி அபூர்வமானது, அப்படி இன்னொன்று கிடைக்காது என்கிறது அரசுத் தரப்பு. எட்டாவது ஜூரி தன் பையிலிருந்து அச்சு அசல் அதே மாதிரி ஒன்றை எடுத்து வைக்கிறார். நாடகத்தின் திருப்பமே இதுதான். டி.வி.யில் கேமரா கிட்டே போய் இரண்டையும் காட்டும். பார்க்கிறவர் தாமே ஒப்பிட்டு, அட ஆமாம் என்பார். சபாவில் பதினைந்தாவது வரிசையில் இருப்பவருக்கு யாரோ எதையோ மேஜையில் வைத்தார்கள் என்பதுதான் தெரியும். இரண்டும் ஒன்றே என்பதை இன்னொரு பாத்திரம் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அதுவும் மைக்குக்குக் கீழே வந்து.

நாம் மேடை நாடகமாக அறிந்திருக்கும் வடிவம், டி.வி.யில் வந்த மறுவருஷம் 1955-ல் ஷெர்மன் செர்கல் செய்தது. பிராட்வேக்கு இந்த நாடகம் வந்து சேர்ந்தது 2004-ல்தான். நடுவில் 1957-ல் சிட்னி லூமெட்டின் சினிமா. டி.வி.யில் நடித்த ஜோசஃப் ஸ்வீனியும் ஜார்ஜ் வாஸ்கோவெக்கும் அதே வேடங்களில் சினிமாவிலும் உண்டு. முதல் பகுதியைக் கண் மட்டத்துக்கு மேலே கேமராவை வைத்தும், போகப் போக இறக்கிக் கடைசியில் கண் மட்டத்துக்குக் கீழே வைத்தும் எடுத்ததாக லூமெட் எழுதியிருக்கிறார். கூரை தெரியத் தெரிய அறை சுருங்குகிற மாதிரி இருக்கும். அவரும் நேரலை டி.வி. நாடகத்தில் பழகி வந்தவர்தான். இந்தியில் 1986-ல் பாசு சாட்டர்ஜி 'ஏக் ருகா ஹுவா ஃபைஸ்லா' என்று எடுத்தார். பங்கஜ் கபூரின் அந்தக் கோபக்கார ஜூரியை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இத்தனைக்கும் நம் நாட்டில் அப்போது ஜூரி முறையே இல்லை. 1959-ல் பம்பாயில் நானாவதி வழக்கில் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜூரிகள் குற்றவாளி இல்லை என்றதும், நீதிபதி அதை ஏற்காமல் ஹைகோர்ட்டுக்கு அனுப்பியதும் பழைய கதை. அதன் பிறகு ஜூரிகள் நம் கோர்ட்டுகளிலிருந்து காணாமல் போனார்கள்.

1950களின் அமெரிக்க டி.வி.யில் இப்படி வாராவாரம் புது நாடகங்கள் வந்தன. திரை சிறியது, படம் மங்கல், ஸ்டூடியோவில் இடம் குறைவு. குதிரைப் படையையோ கப்பலையோ காட்ட வழியில்லை. அதில் துல்லியமாகத் தெரியக்கூடியது ஒன்றே ஒன்று: மனித முகம். அதனால் முகத்தில் நடக்கக்கூடிய கதைகளாக எழுத ஆரம்பித்தார்கள். பேடி சாயெஃப்ஸ்கி எழுதிய 'மார்ட்டி' இதற்கு நல்ல உதாரணம். 1953 மே 24, என்.பி.சி., டயர் கம்பெனியான குட்இயர் தயவில். டைரக்டர் டெல்பர்ட் மான். மார்ட்டி ஒரு கசாப்புக் கடைக்காரன். முப்பத்தைந்தைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. பார்க்கச் சுமாரானவன். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் தம்பிக்கு ஆயிற்றே, உனக்கு எப்போது என்று கேட்டே உயிரை எடுக்கிறார்கள். நம் ஊரில் எந்தத் தெருவிலும் நடப்பதுதான்.

இந்தக் கதை பிறந்த விதத்தையும் சொல்ல வேண்டும். முந்தைய நாடகம் ஒன்றின் ஒத்திகை ஒரு ஹோட்டலின் நடனக் கூடத்தில் நடந்தது. இரவில் அங்கே கல்யாணமாகாதவர்கள் கூடுவார்கள். பெண்களே, யார் வந்து அழைத்தாலும் ஆடுங்கள், ஆண்களுக்கும் மனசு உண்டு என்ற பொருளில் சுவரில் ஓர் அறிவிப்பு. அதைப் பார்த்த சாயெஃப்ஸ்கிக்குக் கதை கிடைத்துவிட்டது.

அதில் ஒரு டெலிபோன் காட்சி. எப்போதோ சினிமாத் தியேட்டரில் சந்தித்த ஒரு பெண்ணுக்கு மார்ட்டி போன் செய்கிறான். மறுமுனையில் அவள் பேசுவது நமக்குக் கேட்காது. இவன் பேசுவது மட்டும்தான். தன்னை அவளுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று சுற்றி வளைத்துக் கேட்கிறான். இன்று முடியாதென்றால் அடுத்த சனிக்கிழமை என்கிறான். அதற்கடுத்த சனிக்கிழமை என்கிறான். கேமரா மெல்ல அவன் முகத்தை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. அவள் என்ன சொன்னாள் என்பதை, மார்ட்டியாக நடித்த ராட் ஸ்டைகரின் கண்களை வைத்து நாமே தெரிந்துகொள்கிறோம். இதை எங்கள் சபாவில் போட்டிருந்தால் என்ன செய்திருப்போம்? மேடையின் மறுகோடியில் அந்தப் பெண்ணை நிறுத்தி, அவள் மேல் ஒரு நீல விளக்கைப் போட்டு, அவளையும் பேச விட்டிருப்போம். ஜனங்களும் கைதட்டியிருப்பார்கள்.

'மார்ட்டி' 1955-ல் சினிமாவாகி, எர்னஸ்ட் போர்க்னைன் நடித்து, சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் வாங்கியது. டி.வி.யிலிருந்து சினிமா கதை வாங்கும் காலம் அப்படித்தான் தொடங்கியது.

இனி என் தொழில் விஷயம். நேரலையில் ஒருவர் வசனம் மறந்தால்?

மேடையில் நான் கிசுகிசுத்தால் முதல் வரிசைக்குக் கேட்கும், பரவாயில்லை. டி.வி.யில் மைக் நடிகரின் தலைக்கு மேலேயே இருக்கும். என் கிசுகிசுப்பு ஊருக்கே கேட்கும். இதற்கு பி.பி.சி.யில் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஸ்கிரிப்டோடு நிற்கும் உதவியாளர் கையில் ஒரு பொத்தான். நடிகர் திணறினால் அதை அழுத்துவார். ஒலிபரப்பில் சத்தம் நின்றுவிடும். அந்த ஓரிரு நொடியில் வரியை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கையை எடுப்பார். வீட்டில் பார்ப்பவர்கள் லைனில் ஏதோ கோளாறு என்று டி.வி.யைத் தட்டிப் பார்த்திருப்பார்கள். இதைப் படித்த அன்று எனக்கு வந்த பொறாமையைச் சொல்லி மாளாது. "அக்கா, சத்தமா சொல்லாதீங்க, ஜனங்க சிரிக்கிறாங்க" என்று இடைவேளையில் என்னிடம் முகம் சுளிக்காத இளம் நடிகர் எங்கள் குழுவில் கிடையாது.

பொத்தானை வைத்து எல்லாவற்றையும் சமாளிக்க முடியாது. 1956 அக்டோபர் 11 அன்று 'பிளேஹவுஸ் 90' வரிசையில் ராட் செர்லிங் எழுதிய 'ரெக்வியம் ஃபார் எ ஹெவிவெயிட்'. தொண்ணூறு நிமிஷம், நேரலை. குத்துச்சண்டையில் அடி வாங்கி ஓய்ந்துபோன ஒருவனின் கதை. ஜாக் பேலன்ஸ் நடித்தார். அவனுடைய பயிற்சியாளர் வேடத்துக்கு எட் வின் என்ற எழுபதை நெருங்கிய நகைச்சுவை நடிகர். வாழ்நாள் முழுக்கக் கோமாளித் தொப்பியும் கோணல் சிரிப்புமாகச் சம்பாதித்தவர், முதல் தடவையாக அழுத்தமான வேடத்துக்கு வருகிறார். அவர் மகன் கீனன் வின்னும் அதே நாடகத்தில். ஒத்திகையில் கிழவருக்கு வசனம் நிற்கவே இல்லை. பயம் வந்தால் பழைய கோமாளித்தனத்துக்குள் ஓடி ஒளிந்துகொள்வார். ஒருவேளை அவர் கவிழ்த்துவிட்டால் என்ன செய்வதென்று இன்னொரு நடிகரைத் தயாராக வைத்திருந்தார்கள். ஒளிபரப்பு நேரம் வந்தது. கிழவர் நடித்துத் தீர்த்துவிட்டார். அந்த ஒத்திகை அவஸ்தையையே 1960-ல் இன்னொரு டி.வி. நாடகமாக எடுத்தபோது அப்பாவும் மகனும் தங்களையே நடித்தார்கள். ஒத்திகையில் உளறி மேடையில் ஜொலிப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களால் ரத்த அழுத்தம் ஏறுவது பிராம்ட்டருக்குத்தான்.

இதைவிடக் கொடுமை 1958 நவம்பர் 30, இங்கிலாந்தில் நடந்தது. ஏ.பி.சி. நிறுவனத்தின் 'ஆர்ம்சேர் தியேட்டர்' வரிசையில் 'அண்டர்கிரவுண்ட்' என்ற நேரலை நாடகம். அணுகுண்டு விழுந்த பிறகு லண்டனின் பாதாள ரயில் பாதையில் சிக்கிக்கொண்டவர்களைப் பற்றியது. கேரத் ஜோன்ஸ் என்ற முப்பத்து மூன்று வயது நடிகர், ஒரு காட்சி முடிந்து இன்னொரு காட்சிக்கு வருவதற்குள் மயங்கி விழுந்து இறந்துபோனார். நாடகம் ஓடிக்கொண்டிருக்கிறது. விளம்பர இடைவேளையில் டைரக்டர் டெட் கோட்செஃப் கதையை அவசரமாக மாற்றினார்; இல்லாத பாத்திரத்தின் வசனத்தை இருப்பவர்கள் பங்கிட்டுப் பேசிக் கடைசிவரை நடித்தார்கள். அந்தப் பாத்திரத்துக்கே கதையில் மாரடைப்பு வருவதாக இருந்தது என்று உடன் நடித்த பீட்டர் பவுல்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 'ஷோ நிற்கக் கூடாது' என்று நாங்களும் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அன்றைக்கு நிறுத்தியிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நேரலை என்றால் மறு ஒளிபரப்பு கிடையாது. பிடித்துப்போனால் மறுபடியும் நடிக்க வேண்டியதுதான். செர்லிங்கின் 'பேட்டர்ன்ஸ்' 1955 ஜனவரியில் வந்து அமோகமாக ஓடியதும், பிப்ரவரியில் நடிகர்களைத் திரும்பக் கூப்பிட்டு இன்னொரு தடவை நேரலையாகவே நடிக்க வைத்தார்கள். பி.பி.சி.யில் ஞாயிறு இரவு நாடகத்தை வியாழக்கிழமை மறுபடி நடிப்பது வாடிக்கை. 1954 டிசம்பரில் நைஜல் நீல் தழுவி எழுதிய ஆர்வெலின் '1984' ஞாயிறன்று வந்ததும் ஊரே கொதித்தது, பார்லிமென்ட் வரை போனது. இருந்தும் வியாழக்கிழமை பீட்டர் குஷிங்கும் மற்றவர்களும் மீண்டும் நடித்தார்கள். இன்று பார்க்கக் கிடைப்பது அந்த இரண்டாவது நாள்தான். பதிவு என்பது டி.வி. திரைக்கு எதிரே சினிமா கேமராவை வைத்துப் படம் பிடிப்பது. வீடியோ டேப் நடைமுறைக்கு வந்ததே 1956 கடைசியில். அந்தச் சுருள்களைப் பத்திரப்படுத்தவும் யாருக்கும் தோன்றவில்லை. 'டுவெல்வ் ஆங்ரி மென்' டி.வி. வடிவத்தில் முதல் பாதி மட்டுமே பல வருஷம் இருந்தது. முழுச் சுருள் 2003-ல்தான் சாமுவேல் லீபோவிட்ஸ் என்ற நியூயார்க் வக்கீலின் பழைய சேகரிப்பில் அகப்பட்டது.

எழுதினதை எழுதினபடி விட்டார்களா என்றால், அதுவும் இல்லை. நாடக ஸ்கிரிப்டைக் கொண்டுபோய்ப் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் கொடுத்து அனுமதி வாங்கிய தலைமுறை நாங்கள். அமெரிக்காவில் அந்த வேலையைச் சோப்பும் இரும்பும் விற்கிறவர்கள் பார்த்தார்கள். ரோஸ் எழுதிய 'தண்டர் ஆன் சிகமோர் ஸ்ட்ரீட்' என்ற 1954 நாடகம், வெள்ளையர் தெருவில் ஒரு கறுப்பினக் குடும்பம் குடிவருவதும் அக்கம்பக்கத்தார் திரண்டு விரட்டுவதும் பற்றியது. தென் மாநிலங்களில் சரக்கு விற்காது என்று பயந்து, அந்தக் குடும்பத் தலைவனைச் சிறையிலிருந்து வந்தவனாக மாற்றச் சொன்னார்கள். ரோஸ் மாற்றினார். ஆனால் அவன் யார், எதற்காக விரட்டுகிறார்கள் என்பதைக் கடைசிவரை சொல்லாமல் இழுத்தடித்தார். பார்த்தவர்கள் அவரவர் மனதில் இருந்த ஆளை அங்கே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். தணிக்கைக்கு இதைவிட அழகான பதிலை நான் கண்டதில்லை.

செர்லிங்குக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1955-ல் எம்மெட் டில் என்ற கறுப்பினச் சிறுவனை மிசிசிப்பியில் கொன்றதை மனதில் வைத்து அவர் எழுதிய 'நூன் ஆன் டூம்ஸ்டே'யை, 1956-ல் ஒளிபரப்பாகும்போது வடகிழக்கு மூலைக்கு நகர்த்தியிருந்தார்கள். கோக்க-கோலா பாட்டில் தெரிந்தால் தென் மாநிலம் என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்களாம். அதையும் செட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் சிகரம் 1959 ஏப்ரல் 16. 'பிளேஹவுஸ் 90'-ல் ஏபி மான் எழுதிய 'ஜட்ஜ்மென்ட் அட் நியூரம்பெர்க்'. நாஜி நீதிபதிகளை விசாரிக்கும் வழக்கு. அன்றைய விளம்பரதாரர்களில் ஒருவர் அமெரிக்கன் கேஸ் அசோசியேஷன், அதாவது அடுப்பெரிக்கிற கேஸ் வியாபாரிகளின் சங்கம். யூதர்களைக் கொன்ற கேஸ் சேம்பர் பற்றி வசனத்தில் வருகிறதே, என்ன செய்வது? ஒளிபரப்பில் 'கேஸ்' என்ற அந்த ஒரு சொல்லின் சத்தத்தை மட்டும் அணைத்தார்கள். நடிகரின் உதடு அசைகிறது, குரல் வரவில்லை. மறந்துபோன நடிகருக்கு வரி எடுத்துக் கொடுக்கப் பி.பி.சி.க்காரர்கள் என்ன தந்திரம் செய்தார்களோ, அதே தந்திரம். இங்கே நடிகருக்கு வசனம் நன்றாகவே ஞாபகம் இருந்தது.

மேடை நாடகத்தைப் பெட்டிக்குள் கொண்டுபோவது இன்னொரு பாடு. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை இரவு நாடகங்களைப் பலரும் இன்னும் ஞாபகம் வைத்திருப்பார்கள். எங்கள் குழுவின் குடும்ப நகைச்சுவை நாடகம் ஒன்றும் ஒருமுறை ஸ்டூடியோ ஏறியது. இரண்டரை மணி நேரத்தை ஒரு மணிக்கு வெட்டுவது கஷ்டமாக இருக்கவில்லை. கஷ்டம் சிரிப்பில் இருந்தது. சபாவில் ஜோக் சொன்னதும் ஜனங்கள் சிரித்து ஓயட்டும் என்று நடிகர் ஒரு மூச்சு நிறுத்துவார். பல வருஷப் பழக்கம் உடம்பில் ஊறிவிட்டது. ஸ்டூடியோவில் சிரிக்க ஆளில்லை. ஒவ்வொரு ஜோக்குக்குப் பின்னும் ஒரு பள்ளம். வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோது எல்லோரும் எதையோ மறந்துவிட்டு முழிக்கிற மாதிரி இருந்தது. கடைசி வரிசைக்காகப் பூசிய ரூஜும் தீட்டிய புருவமும் கிட்டத்தில் திருவிழாப் பொம்மையாகத் தெரிந்தன. எனக்கும் அங்கே வாயில்லை. சார்ட் அட்டையில் வரிகளைக் கொட்டை எழுத்தில் எழுதி, கேமராவுக்குக் கீழே மண்டியிட்டுத் தூக்கிப் பிடித்தேன். மாமனார் வேடக்காரர் அதைப் படித்தார்; அவர் படிப்பது குளோசப்பில் பளிச்சென்று தெரிந்தது. கருவிழி இடமிருந்து வலமாக ஓடி ஓடித் திரும்பியது.

எந்த மேடை நாடகம் பெட்டிக்குள் போகும், எது போகாது என்பதற்கு இரண்டு ஆங்கில உதாரணங்கள் எனக்குப் பிடிக்கும். ஒன்று மைக் லீயின் 'அபிகெய்ல்ஸ் பார்ட்டி'. 1977-ல் லண்டன் ஹாம்ப்ஸ்டெட் தியேட்டரில் சக்கைப்போடு போட்டது. பெரிய அரங்குக்கு மாற்ற வழியில்லை. முக்கிய நடிகை ஆலிசன் ஸ்டெட்மன் கர்ப்பமாக இருந்தார். அதனால் அப்படியே பி.பி.சி. ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனார்கள், நவம்பர் 1 அன்று 'பிளே ஃபார் டுடே'வில் வந்தது. மாற்றியது பெரும்பாலும் பாட்டுகளைத்தான். வெளிநாட்டில் விற்க உரிமைச் சிக்கல் வரும் என்று, மேடையில் பாடிய எல்விஸ் பிரெஸ்லிக்குப் பதில் டாம் ஜோன்ஸ் வந்தார். இது ஒரு வரவேற்பறையில் ஐந்து பேர் குடித்துவிட்டு ஒருவரையொருவர் குத்திக் குதறும் நாடகம். அறை சின்னதாக ஆக, மூச்சு முட்டுகிறது. பெட்டிக்குள் இன்னும் நன்றாக முட்டுகிறது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் சுமாரான பதிவுதான், மைக் லீயே அதைப் பற்றிக் குறைபட்டிருக்கிறார். ஜனங்கள் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

இன்னொன்று சாமுவேல் பெக்கெட்டின் 'வெயிட்டிங் ஃபார் கோடோ'. 1961-ல் பி.பி.சி.க்காக டொனால்ட் மெக்வின்னி இயக்கினார். வெட்டவெளி, ஒரு மரம், வராத ஒருவருக்காகக் காத்திருக்கும் இரண்டு பேர். ஒளிபரப்பைப் பார்த்த பெக்கெட்டுக்கு முகம் வாடிவிட்டது. இந்தப் பெட்டிக்காக இதை எழுதவில்லை, பெரிய வெளியில் மாட்டிக்கொண்ட சின்ன மனிதர்களைப் பற்றி எழுதினேன், இதில் நீங்கள் எல்லோரும் இடத்துக்கு மீறிப் பெரிதாக இருக்கிறீர்கள் என்ற பொருளில் அவர் சொன்னதாக, நடித்த பீட்டர் உட்தார்ப் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இதைவிடச் சுருக்கமாக யாரும் விஷயத்தைச் சொல்லிவிட முடியாது. பெக்கெட் அதோடு விடவும் இல்லை. பெட்டியில் மனிதர் பெரிதாகத் தெரிவார் என்றால் பெரிதாகத் தெரிவதற்கென்றே ஒன்று எழுதுவோம் என்று 1965-ல் உட்கார்ந்தார். 'எ ஜோ'. அரைமணி நேரம்கூட ஆகாது. வீட்டு அங்கி போட்ட நடுத்தர வயதைத் தாண்டிய ஒருவர். ஜன்னலைத் திறந்து பார்க்கிறார், மூடுகிறார். கதவு, அலமாரி, கட்டிலுக்கு அடியில். யாரும் இல்லை என்று நிச்சயம் செய்துகொண்டு கட்டிலில் உட்காருகிறார். அப்போது ஒரு பெண் குரல் பேச ஆரம்பிக்கிறது. பழைய கணக்குகளை ஒவ்வொன்றாக எடுக்கிறது. குரல் நிற்கும்போதெல்லாம் கேமரா அவர் முகத்தை நோக்கி நாலு அங்குலம் நகர வேண்டும். குரல் மறுபடி தொடங்கினால் கேமரா நின்றுவிட வேண்டும். இப்படி ஒன்பது நகர்வு. எல்லாவற்றையும் அளந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். 1966 ஏப்ரலில் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நிலையத்தில் அவரே இயக்கினார், ஜூலையில் பி.பி.சி.யில் ஜாக் மெக்கவுரன் நடித்தார், குரல் ஷான் ஃபிலிப்ஸ்.

பெக்கெட்டின் நூற்றாண்டான 2006-ல் இதை மேடைக்குக் கொண்டுவர ஆசைப்பட்டார்கள். டப்ளின் கேட் தியேட்டரில் இயக்கியவர் சினிமாக்காரரான ஆட்டம் எகோயன். அவருக்கும் கேமராவை விட்டுவிட்டு வர முடியவில்லை. மேடையில் நடிகர் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்க, முன்னால் தொங்கிய மெல்லிய திரையில் அவர் முகம் அந்த நேரத்திலேயே பிரம்மாண்டமாக விழுந்தது. நடித்தவர் மைக்கேல் காம்பன். குரல் பெனலபி வில்டன்.

காம்பன் 2015-ல் மேடை நடிப்பை விட்டார். வசனம் நினைவில் நிற்கவில்லை என்பதுதான் காரணம் என்று அவரே சொன்னார். காதில் கருவி வைத்து வரி எடுத்துக் கொடுத்துப் பார்த்தும் சரிப்படவில்லை. ஜோ வேடத்தில் அவருக்குப் பேச ஒரு வரிகூடக் கிடையாது. பிராம்ட்டருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டாத வேடம் அது.